மனநிறைவோடு விடைபெற்றவர்கள்

கல்யாணம் ஆன பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அந்தக் கம்பெனி ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்வது சட்டப்படி தப்பு. சட்டத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், ஆனால் அங்கே நெய்யும் பேண்டேஜ் துணியை மொத்தமாக வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அது பிடிக்காது. ஆகவே கம்பெனி கேக் வாங்கியது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கம்பெனி. தறி ஓட்டுவது முழுக்கப் பெண்கள். அவர்களில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு 'மணமகள் வாழ்த்து விழா' நடக்கும். நடத்துவது 'மகிழ்ச்சிக் குழு' என்ற ஒரு குழு. சாப்பாட்டுக்கூடத்தில் பலூன் கட்டி, நடுவில் சிவப்பு வெல்வெட் நாற்காலி போட்டு, பெண்ணின் தோளில் 'மணமகள்' என்று அச்சடித்த பட்டையைக் குறுக்கே மாட்டி உட்கார வைப்பார்கள். அவள் கேக் வெட்ட வேண்டும், வாழ்த்துரைகளைக் கேட்க வேண்டும். கடைசியில் ஒரு டேப்லெட்டை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். பச்சை விளக்கு எரிந்தால் அவளுடைய மகிழ்ச்சி தலைமை அலுவலகத்தில் பதிவாகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த வேலை நாளில் அவள் வந்து வாசல் மெஷினில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்காது. பதிவேட்டில் 'மனநிறைவோடு விடைபெற்றார்' என்று ஏறியிருக்கும். மூன்று வருடத்தில் முப்பத்தொன்பது பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். முப்பத்தொன்பது பேரும் மனநிறைவு அடைந்தார்கள். அதில் ஏழெட்டுப் பேர் கல்யாணத்துக்குப் பிறகு வாசலில் வந்து நின்று அழுதார்கள். அதை நன்றிக் கண்ணீர் என்று குழு தனியாகக் குறித்து வைத்திருக்கிறது.

சோழபுரத்து நாகஜோதிக்கு நாற்பதாவது நாற்காலி.

நாகஜோதி எட்டு வருடமாகத் தறி ஓட்டுகிறவள். ஆறு தறியை ஒற்றை ஆளாகப் பார்ப்பாள். எந்தத் தறியில் நூல் அறப்போகிறது என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். இதைத் தவிர வேறு எதிலும் அவளிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, அவள் தைரியத்தை எல்லாம் திரட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "கல்யாணத்துக்குப் பொறவும் நான் வேலைக்குப் போவேன்." மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த நவநீதகிருஷ்ணன், "போகட்டுமே, பஸ் ஏறினா இருவது நிமிசம்" என்றான். அந்தப் பதிலுக்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது. இருபத்தேழு வயதில் அவள் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

அதனால் கல்யாணச் செய்தியைக் கம்பெனிக்குத் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அவள் அம்மா பிச்சையம்மாள்தான் மரியாதைக்குக் குறைவு வரக் கூடாது என்று ஒருநாள் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு நேரே கம்பெனி வாசலுக்குப் போய், காவலுக்கு நிற்கும் வெள்ளைத்தாயிடம் கொடுத்து, "ஆபீசுல எல்லாரும் கட்டாயம் வரணும்னு சொல்லிருங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மறுநாளே மனிதவள அதிகாரி வைகுண்டராஜ் கூப்பிட்டு அனுப்பினார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். முப்பத்தொன்பது பேரையும் சிரித்த முகத்தோடுதான் அனுப்பியிருக்கிறார்.

"வாம்மா நாகஜோதி. கல்யாணப் பொண்ணு நிக்கலாமா, உக்காரு. சனிக்கிழமை மூணு மணிக்கு விழா. கேக்குல என்ன பேரு எழுதணும், உன் பேரு மட்டுமா, மாப்பிள்ளை பேரும் சேத்தா?"

"எனக்கு விழா வேண்டாம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேண்டாம்னா?"

"கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு போட்டுட்டு, பொறவு வேலைக்கு வந்துருவேன் சார். அதான் வேண்டாம்."

"விழாவுக்கும் வேலைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"விழாவுல உக்காந்தவங்க யாரும் திரும்பி வரலையே சார்."

"அது அவங்க மகிழ்ச்சி. அதை நாம தடுக்க முடியுமா? முப்பத்தொம்பது பேருகிட்டயும் ஃபார்ம் வாங்கியிருக்கேன். ஒருத்தர்கூட மகிழ்ச்சி இல்லைன்னு எழுதலை."

"அதுல மகிழ்ச்சின்னு ஒரே ஒரு கட்டம்தானே சார் இருக்கு."

"வேற எதுக்கும்மா கட்டம்? வேற எதுவும் நடக்கலையே."

நாகஜோதி வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று நாலு தடவை சொல்லிவிட்டுத் தறிக்குத் திரும்பினாள்.

ஒரு பெண் கேக்கை மறுத்த சம்பவம் குழுவின் வரலாற்றில் இல்லை. அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் போட்டார்கள். இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஒரு மெமோ வந்தது. 'மகிழ்ச்சிக்கு ஒத்துழையாமை' என்பது தலைப்பு. தாங்கள் ஏன் மகிழ்ச்சியாக இல்லை என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், விளக்கம் மகிழ்ச்சி அளிக்காவிட்டால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. கூடவே எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை. ஒருவரின் தயக்கம் ஷிப்டு முழுவதன் மனநிலையையும் பாதிப்பதால், மணமகள் சம்மதிக்கும் வரை தினமும் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் கைதட்டல் பயிற்சி நடக்கும்.

சாப்பாட்டு நேரமே அரை மணிதான். ஒரு மேற்பார்வையாளர் விசிலோடு நின்றார். முதல் விசிலுக்குப் பெண் நுழைகிறாள் என்று நினைத்து மெதுவாகத் தட்ட வேண்டும். இரண்டாவது விசிலுக்குக் கேக் வெட்டுகிறாள் என்று வேகமாகத் தட்ட வேண்டும். மூன்றாவதற்குக் கண் கலங்க வேண்டும். கலங்காதவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் பக்கத்துத் தறி இந்து பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டாள். "ஏட்டி, ஒரு துண்டு கேக்கைத் தின்னுட்டுப் போயேன். கை தட்டித் தட்டிச் சோறு பெசைய முடியல எங்களுக்கு."

"தின்னா வேலை போயிரும் இந்து."

"உன் ஒருத்தி வேலைக்காக நாங்க எல்லாரும் பட்டினி கெடக்கணுமா?"

தறிக்கூடம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் எல்லாரும், இன்னொரு பக்கம் ஜாஸ்மின். "போகாத நாகு. நீயும் போய் உக்காந்துட்டா நாளைக்கு எனக்கும் அதே நாற்காலிதான்" என்றாள் அவள். ஜாஸ்மினுக்கும் அப்போது தேவதானத்திலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்துகொண்டிருந்தது. வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பிடித்திருக்கிறது, நாலு இடத்தில் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருந்தார்கள்.

வீட்டில் பிச்சையம்மாளுக்கு மகளின் பிடிவாதம் புரியவே இல்லை.

"பெரிய கம்பெனி, உன்னையும் ஒரு ஆளா மதிச்சுக் கூப்பிடுதாக. எனக்குக் கல்யாணம் ஆகையில யாரு கேக்கு வெட்டினா?"

"அது வழியனுப்புற கேக்கும்மா."

"பொம்பளைப் பிள்ளைக்குக் கல்யாணம்னாலே வழியனுப்புறதுதானட்டி."

நவநீதகிருஷ்ணன் போனில் முழுக்கக் கேட்டான். "போனா வேலை போகும், போகலைன்னா இன்னொரு மெமோ வரும். நீ என்ன நெனைக்க?"

"நான் போகல."

"அப்பச் சரி, போகாத. எங்கம்மாகிட்ட மட்டும் இப்பச் சொல்லாத. அவியளையும் விழாவுக்குக் கூப்பிட்டிருக்காக போல. பட்டுச்சேலையை எடுத்து வெயில்ல போட்டிருக்காக."

சனிக்கிழமை நாகஜோதி முறையாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டாள். பெண் இல்லாமல் விழா எப்படி நடக்கும் என்று நினைத்தாள். எட்டு வருடம் அங்கே வேலை பார்த்தும் அவளுக்குக் கம்பெனியைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ஜாஸ்மின் போன் செய்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மூன்று மணிக்குத் துணி வாங்குகிற வெளிநாட்டு அம்மா வீடியோவில் வந்துவிட்டாளாம். முதலாளியம்மா ஷீனா மேடமும் வந்து உட்கார்ந்துவிட்டாளாம். நாற்காலி காலி. வைகுண்டராஜ் சார் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். விழாவுக்கு மணமகள் வந்தே ஆக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை, நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்றுதான் இருந்தது. உடனே முன்வரிசையில் நின்ற ஜாஸ்மினைப் பார்த்து, "செத்த நேரம் உக்காரும்மா, அஞ்சு நிமிசம்" என்றிருக்கிறார்.

"நான் உக்காந்துட்டா உன் பிரச்சனை முடிஞ்சிரும்ல, அதான் உக்காந்தேன். மேடம் பேசினதைக் கேக்கணுமே நீ. 'பெண்கள் சுதந்திரப் பறவைகள். எந்தப் பறவையையும் எங்கள் கம்பெனி கூண்டில் பிடித்து வைத்ததில்லை. கல்யாணம் என்றதும் கதவைத் திறந்துவிடுகிறோம். பறவை குழம்பித் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்தியும் வைக்கிறோம்'னாக. அந்த வெள்ளைக்காரம்மா அப்படிக் கை தட்டுது. உன் மாமியார் வேற முன்னாடி உக்காந்து முழிக்காக, யாருடா இந்தப் பொண்ணுன்னு. விசில் அடிச்சாகளா, எனக்கே அழுகை வந்துருச்சுட்டி. யாருக்குக் கல்யாணம்னே மறந்துபோச்சு."

"கடைசியில டேப்லெட்டைக் காட்டினாகளா?"

"ஆமா. மூஞ்சியக் காட்டுன்னாக. காட்டினேன்."

ஜாஸ்மின் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை நாகஜோதி முகத்தைக் காட்டியதும் கதவு திறந்தது. பின்னால் வந்த ஜாஸ்மினுக்குத் திறக்கவில்லை. திரையில் ரோஜாப்பூ படத்தோடு 'வாழ்த்துகள், இனிய இல்லறம் அமைக' என்று வந்தது. ஜாஸ்மின் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி காட்டினாள். மறுபடி ரோஜாப்பூ. மெஷின் பழுதாக இருக்கும் என்று வெள்ளைத்தாய் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அப்போதும் அது வாழ்த்தத்தான் செய்தது.

நாகஜோதி வைகுண்டராஜிடம் ஓடினாள்.

"தப்பு எதுவும் நடக்கலம்மா" என்றார் அவர். "விழா நடந்திருக்கு, முகம் பதிவாகியிருக்கு, தலைமை அலுவலகம் ஏத்துக்கிட்டாங்க. ஜாஸ்மின் மனநிறைவோட விடைபெற்றாச்சு."

"அவளுக்குக் கல்யாணமே இல்ல சார்."

"அப்படின்னா கல்யாணம் ஆகலைன்னு அத்தாட்சி கொண்டுவரச் சொல்லு, பரிசீலிக்கலாம். ஆகி முறிஞ்சிருந்தா விவாகரத்து உத்தரவு கொண்டுவந்தாலும் போதும்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "உன்னைப் பொறுத்தவரைக்கும் விழா எதுவும் நடக்கல. கம்பெனி கணக்குல உனக்குக் கல்யாணமே இல்லை. நல்லதுதானே? போய்த் தறியைப் பாரு."

நான்தான் கல்யாணப் பெண், என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடுங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு தறிக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அவளுக்குத் தன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் போய்ச் சொல்லவில்லை. ஜாஸ்மின் தறியில் மத்தியானத்துக்குள் வேறு ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள்.

ஜாஸ்மின் அத்தாட்சிக்கு அலைந்தாள். சான்றிதழ் கொடுக்கிற ஒரு ஆபீசில், "ஆன கல்யாணத்துக்குப் பதிவு இருக்கு. ஆகாத கல்யாணத்துக்கு நான் எந்தப் புத்தகத்தைப் பாக்க?" என்று கேட்டார்கள். பாஸ்டர் ஒரு கடிதம் கொடுத்தார். 'எங்கள் சபைக்குத் தெரிந்தவரை இவருக்குத் திருமணம் ஆகவில்லை' என்று இருந்தது. சபைக்குத் தெரியாமல் நடந்திருக்க வாய்ப்பு உண்டு என்று மகிழ்ச்சிக் குழு அதைத் திருப்பி அனுப்பியது.

நாகஜோதி கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'உறவினர் திருமணம்' என்று வைகுண்டராஜே எழுதச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்கு வந்து முதல் பந்தியில் சாப்பிட்டார். பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மேடையேறி அட்சதை போடும்போது குனிந்து, "வேலைக்கு வாரப்ப கழுத்துல ஒண்ணும் வெளியில தெரியக் கூடாது, கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போட்டோவுக்கு நின்றார்.

அதன் பிறகு தினமும் வாசலில் வெள்ளைத்தாய், "கயித்தை உள்ள தள்ளு தாயி" என்பாள். புது மஞ்சள் கயிற்றை யூனிபார்ம் சட்டைக் காலருக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நாகஜோதி உள்ளே போவாள். மஞ்சள் வேர்வையில் கரைந்து கழுத்தெல்லாம் அரித்தது. இதற்கா கல்யாணம் செய்துகொண்டோம், இதற்கா வேலைக்குப் போகிறோம் என்று இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொள்வாள். தெரிந்தே செய்கிற தப்பு, அதனால் யாரிடமும் சொல்லி ஆற முடியவில்லை.

பத்தாம் நாள் மத்தியான ஷிப்டுக்கு வரும்போது பஸ் ஸ்டாப்பில் ஜாஸ்மின் நின்றிருந்தாள்.

"தேவதானத்துச் சம்பந்தம் போச்சு நாகு" என்றாள். முகத்தில் அழுகை இல்லை. அழுது முடித்த முகம். மாப்பிள்ளையின் தாய்மாமா அருளப்பன் விசாரிக்கக் கம்பெனிக்கு வந்திருக்கிறார். வைகுண்டராஜ் ஏசி அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்து, "தங்கமான பொண்ணு, கல்யாணம் ஆகி மனநிறைவோட போயிருச்சு" என்று சொல்லி, பட்டையும் கேக்குமாக எடுத்த படத்தையும் காட்டியிருக்கிறார். கல்யாணம் ஆன பெண்ணையா எங்கள் தலையில் கட்டப் பார்த்தீர்கள் என்று அருளப்பன் போனில் கேட்ட கேள்வியில் ஜாஸ்மினின் அப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

நாகஜோதி காலருக்குள் இருந்த கயிற்றை எடுத்து வெளியே போட்டாள். மெஷினில் முகத்தைக் காட்டி நேரே ஆபீசுக்குள் போனாள்.

"சார், எனக்குத்தான் கல்யாணம் ஆச்சு. பாத்துக்கோங்க. என் பேரை எடுத்துட்டு ஜாஸ்மின் பேரைப் போடுங்க."

வைகுண்டராஜ் கயிற்றைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கல்யாணத்தை மறைச்சு வேலை பார்த்திருக்க. இது பெரிய ஒழுங்கீனம்மா."

"நீங்களே வந்து சாப்பிட்டீங்களே சார்."

"சாப்பிட்டது வைகுண்டராஜ். அதிகாரி வரலையே." அவர் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். "உனக்கு விழா நடத்த முடியாம போச்சேங்கிறதுதான் எனக்கு வருத்தம். மனநிறைவு இல்லாம வெளியே போற முதல் ஆள் நீ. குழுவுக்கு ஒரு கறை."

"நான் போறேன் சார். ஜாஸ்மினை எடுத்துக்கிடுவீங்கல்ல?"

"அவங்க கோப்பு முடிஞ்சுபோச்சு. ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சுங்கிறதுக்காக இன்னொரு பொண்ணுக்கு ஆகலைன்னு ஆயிருமா?"

"சரி சார். தேவதானத்துக்காரருக்கு ஒரு போன் மட்டும் போடுங்க. அவளுக்குக் கல்யாணம் ஆகலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாக."

வைகுண்டராஜ் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "என்னம்மா பேசுற? வெளி ஆளுக்குப் பணியாளரோட சொந்த விவரத்தைச் சொல்றதா? நம்ம கம்பெனியில அந்தப் பழக்கமே கிடையாது."

வெளியே வரும்போது மெஷின் அவளுக்கு எதையும் காட்டவில்லை, ரோஜாப்பூகூட வரவில்லை. நாகஜோதி, பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்த ஜாஸ்மினின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ராஜபாளையத்தில் இறங்கித் தேவதானத்துக்கு வேறு பஸ் பிடித்தார்கள். வழி முழுக்க, "நான் சொல்லிக்கிடுதேன், நீ பேசாம இரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அருளப்பன் மரியாதை தெரிந்தவர். உட்கார வைத்தார், காபி போடச் சொன்னார். நாகஜோதி ஒன்றையும் விடாமல் சொன்னாள். கேக், நாற்காலி, விசில், தான் வாயை மூடிக்கொண்டு போனது உட்பட எல்லாம் சொன்னாள். கயிற்றைக் காட்டினாள். ஜாஸ்மினிடமிருந்து பாஸ்டர் கடிதத்தை வாங்கி நீட்டினாள். அவர் கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீ சொல்லுறது எல்லாம் கோர்வையாத்தாம்மா இருக்கு" என்றார். "ஆனா அம்புட்டுப் பெரிய கம்பெனி. என்னை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, படத்தைக் காட்டிச் சொன்னாக. அவிய எதுக்கும்மா எங்கிட்டப் பொய் சொல்லணும்?"

"அப்ப நாங்க பொய் சொல்லுதோமா?"

"அப்படிச் சொல்வேனா? ஆனா உங்க ரெண்டு பேரையும் வேலையை விட்டு நிப்பாட்டியிருக்காகல்ல, ஏதாவது ஒண்ணு இல்லாம நிப்பாட்டுவாகளா?"

காபி வந்தது. அருளப்பன் இரண்டு டம்ளரையும் அவரே எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று செத்த நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"எம்மக அக்சா பன்னெண்டாவது முடிச்சிட்டு வீட்டுலதான் இருக்கா. உங்க ரெண்டு பேரு இடமும் இப்பக் காலிதான? அங்க யாரைப் போய்ப் பாக்கணும்?"

ஜாஸ்மின் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வைகுண்டராஜ் சாரைப் பாருங்க. பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் பேசலைல்ல? அப்ப உடனே எடுத்துக்கிடுவாக."

அருளப்பன் பெயரை எழுதிக்கொள்ளப் பேனாவைத் தேடி எழுந்தார்.